சந்தா நோட்டு

1976 பிப்ரவரியில் ஒரு நாள் இரவு, திருமுக்கூடலில் பாலாற்று மணலில் உட்கார்ந்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் தாள் தாளாகக் கிழித்து எரித்தேன். நாங்கள் நடத்திக்கொண்டிருந்த பத்திரிகையின் சந்தா நோட்டு அது. 112 பெயர்கள், விலாசங்கள், மணியார்டர் வந்த தேதிகள். இதைப் பற்றி நான் இதுவரை எழுதியதில்லை. பேச்சுவாக்கில் இரண்டு மூன்று நண்பர்களிடம் சொன்னபோது, நெருக்கடி நிலைக் காலத்து அனுபவம் என்று இதற்கு ஒரு கௌரவம் கிடைத்துவிட்டது. அந்தக் கௌரவத்துக்கு இது உரியதில்லை. இலங்கைப் பத்திரிகையாளர் ஜெ. எஸ். திஸ்ஸநாயகத்தின் வழக்கைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் இந்த நோட்டு குறுக்கே வந்து விழுகிறது. இதை முதலில் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்கு முடியவில்லை.

திருமுக்கூடல், பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருகிற இடம். சேருகிறது என்பது பெயரளவில்தான். வருஷத்தில் பெரும் பகுதி மூன்றும் மணல். எதிர்க்கரையில் பழையசீவரம், ரயில் ஸ்டேஷன். நான் அப்போது பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடமொன்றில் தமிழ் வாத்தியார். காஞ்சிபுரத்தில் இரண்டு நண்பர்கள். மூவருமாக 1975 மார்ச்சில் பத்திரிகை ஆரம்பித்தோம். 32 பக்கம், 300 பிரதி, தனி இதழ் 50 பைசா, 12 இதழுக்குச் சந்தா ஆறு ரூபாய். ஏழெட்டுக் கவிதை, ஒரு விமர்சனம், இன்னொரு பத்திரிகையோடு ஒரு சண்டை. இலக்கியத்தில் ஏதோ ஒரு காரியம் எங்களால் நடந்துகொண்டிருப்பதாக மூவருக்கும் நிச்சயமாகத் தோன்றியது.

காஞ்சிபுரத்தில் ஒரு சந்துக்குள் இருந்த ட்ரெடில் அச்சகத்தில் அடித்தோம். கல்யாணப் பத்திரிகைக்கும் ஜவுளிக்கடை பில் புத்தகத்துக்கும் நடுவே எங்கள் ஃபாரம் ஏறும். அச்சகக்காரருக்கு எங்கள் கவிதைகளின் பேரில் ஒரே ஒரு அபிப்ராயம் இருந்தது. "பாதி வரியிலே நிறுத்திடறீங்களே வாத்தியாரே, இவ்வளவு இடம் காலியாப் போவுது, ஒரு வெளம்பரம் போடலாமே" என்பார். 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. 28-ஆம் தேதி 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெற்றாக விட்டு வெளிவந்தது. அந்தப் பேப்பரை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "காலி எடத்துக்கும் கட்டை போட்டு இறுக்கணும் வாத்தியாரே. சும்மா வராது" என்றார். பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றி அந்த இரண்டு வருஷத்தில் நான் கேட்டதில் எனக்கு மறக்காத வாக்கியம் அதுதான். பிறகு வெற்றிடம் விடுவதும் கூடாது என்றார்கள்.

எங்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 300 பிரதி போகிற பத்திரிகையை எந்தத் தணிக்கை அதிகாரி படிக்கப்போகிறார்? இதில் எங்களுக்கு நிம்மதியும் கொஞ்சம் வருத்தமும் இருந்தன. ஏழு இதழ் வந்தது. எட்டாவதில் நான் சோல்ஷெனித்ஸினைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். சோவியத் யூனியன் அவரை 1974 பிப்ரவரியில் நாட்டைவிட்டு அனுப்பியிருந்தது. எழுத்தாளனுக்கு அஞ்சும் அரசு எப்படிப்பட்டது, சிறை எழுத்தை என்ன செய்யும் என்றெல்லாம் பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். இந்தியா என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. தந்திரமாக அப்படிச் செய்தேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டதுண்டு. உண்மையில் எழுதும்போது எனக்கு இந்தியா ஞாபகம் வரவே இல்லை. அயல்நாட்டுச் சிறைகளைப் பற்றி எழுதுவது அவ்வளவு சௌகரியமான வேலை.

தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அதுவரை இங்கே கெடுபிடி வடக்கே இருந்த அளவுக்கு இல்லை. உடனே மிசா கைதுகள் ஆரம்பமாயின. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பத்திரிகையில் போட முடியாது. பிப்ரவரி 3 அண்ணாதுரையின் நினைவு நாள். அன்று 'முரசொலி'யில், அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று மாவட்ட வாரியாக ஒரு பெயர்ப்பட்டியல் வந்தது. ஏன் வர இயலாது என்று எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டியிருக்கவும் இல்லை. அந்தக் கட்சியின் எழுத்து நடையைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் என்ன நினைத்தோம் என்பது இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் வெறும் பெயர்களை அடுக்கி இவ்வளவு சொல்லிவிட்ட ஒரு பக்கத்தை எங்கள் பத்திரிகை ஒருநாளும் போட்டதில்லை.

அதற்கு ஒரு வாரம் கழித்து ப்ரூஃப் பார்க்கப் போனேன். அச்சகக்காரர் கதவைச் சாத்திவிட்டு, "ஒரு ஆள் வந்திருந்தாருங்க. இந்தப் பத்திரிகைக்கு யார் யாரு பணம் அனுப்பறாங்க, எவ்வளவு வருதுன்னு கேட்டாரு. எனக்குத் தெரியாதுன்னுட்டேன்" என்றார். வேறு எதுவும் கேட்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தேன். வண்டியில் வரும்போது என் கட்டுரையைப் பற்றி நான் நினைக்கவில்லை என்பது ஆச்சரியமாக இருக்கிறது. அந்த 112 பெயர்கள்தான் மனசில் ஓடின. அவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழையசீவரத்தில் இறங்கி, இருட்டில் மணலைக் கடந்து வந்து, வீட்டிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு திரும்ப ஆற்றுக்குப் போனேன். நண்பர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் அச்சகத்துக்கு ஒரு கார்டு போட்டேன்: எட்டாம் இதழ் வேண்டாம், எழுத்தைப் பிரித்துப் போட்டுவிடவும். அவர் பிரித்துப் போட்டுவிட்டார். பத்திரிகை நின்றது. விலாசங்கள் இல்லாமல், நெருக்கடி நிலை முடிந்த பிறகும் அதை மறுபடி ஆரம்பிக்க முடியவில்லை. நான் எதை எரித்தேன் என்று தெரிந்த நாளிலிருந்து நண்பர்களில் ஒருவர் என்னோடு பேசவில்லை.

1978-ல் வேறொரு காரியமாக அச்சகத்துக்குப் போனபோது அந்த ஆள் யாரென்று விசாரித்தேன். "அதுவா, காகிதக் கடை ஆளுங்க. உங்க பாக்கி நின்னுச்சில்லே, இந்தப் பத்திரிகைக்குப் பணம் வருதா வராதான்னு பாத்துட்டுப் போக வந்தான். அப்புறம்தான் எனக்கே தெரியும்" என்றார். 38 ரூபாய் பாக்கி இருந்தது, வாஸ்தவம்தான்.

என் நெருக்கடி நிலை இவ்வளவுதான். போலீஸ் வரவில்லை, தணிக்கை வரவில்லை, கடன்காரன் வந்தான். மற்றதெல்லாம் நானே செய்துகொண்டது. இந்த நிலையில் முப்பத்து மூன்று வருஷம் கழித்து, 2009 ஆகஸ்டு 31-ஆம் தேதி கொழும்பு உயர் நீதிமன்றம் திஸ்ஸநாயகத்துக்கு இருபது வருஷக் கடுங்காவல் விதித்த செய்தியைப் படித்தேன்.

அவர் கொழும்பில் 'நார்த் ஈஸ்டர்ன் மன்த்லி' என்ற ஆங்கில மாதப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். 2006-ல் அதில் வந்த இரண்டு கட்டுரைகளிலிருந்து சில வாக்கியங்கள்தான் வழக்கு. ஒன்று, தமிழர்களுக்கு அரசு பாதுகாப்புத் தரவில்லை, கொலைகளில் பெரும் பங்கு அரசுப் படைகளுடையது என்று சொன்னது. மற்றது, வாகரையில் ஜனங்களை வெளியேற்றுவதற்காக உணவும் மருந்தும் தடுக்கப்படுகின்றன என்றது. 2008 மார்ச் 6-ஆம் தேதி, பத்திரிகையை அச்சிட்டு வந்த ஜசிகரனையும் அவர் மனைவி வளர்மதியையும் பயங்கரவாத விசாரணைப் பிரிவு பிடித்துக்கொண்டு போனது. அவர்களைப் பற்றி விசாரிக்க மறுநாள் அந்த அலுவலகத்துக்குப் போனார் திஸ்ஸநாயகம். அங்கேயே அவரையும் நிறுத்திக்கொண்டார்கள். குற்றப்பத்திரிகை வர ஐந்து மாதம் ஆயிற்று.

குற்றச்சாட்டுகள் மூன்று. அந்தப் பத்திரிகையை நடத்தி இனப்பிணக்கை உண்டாக்கச் சதி செய்தது ஒன்று; அந்தக் கட்டுரைகளால் அதை உண்டாக்க முயன்றது இரண்டு; பத்திரிகைக்காகப் பணம் திரட்டியதன் மூலம் பயங்கரவாதத்துக்கு உதவியது மூன்று. முதல் இரண்டுக்கும் ஐந்து ஐந்து வருஷம். மூன்றாவதற்குப் பத்து வருஷம்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். எழுதியதற்கும் வெளியிட்டதற்கும் சேர்த்து எவ்வளவு தண்டனையோ அவ்வளவு, அதற்குப் பணம் சேர்த்ததற்கு மட்டும். நாம் எல்லோரும் செய்கிற காரியம் இது. தெரிந்தவர் ஒருவர் விடாமல் கேட்டு, கல்யாண வீட்டில் ஐந்து ரூபாய், ஆபீஸ் வாசலில் பத்து ரூபாய் என்று வாங்கி, சேர்ந்தவரை இதழ் போடுகிறோம். பத்திரிகை நடத்துவதில் இலக்கியத்துக்குச் சம்பந்தமில்லாத, கொஞ்சம் வெட்கப்படத்தக்க பகுதி அது என்று நினைத்திருந்தேன். அரசாங்கத்துக்கு அது அப்படித் தோன்றவில்லை. ஒருவன் தனியாக உட்கார்ந்து எழுதினால் அது ஒரு வாக்கியம். 112 பேர் ஆறு ரூபாய் கொடுத்து அந்த வாக்கியத்தை வரவழைத்துப் படிக்கிறார்கள் என்றால் அது வேறு. அரசுகள் அஞ்சுவது இந்த இரண்டாவதற்குத்தான் என்று நினைக்கிறேன். காகிதக் கடை ஆள் கேட்ட கேள்வியை நான் போலீஸ்காரனின் கேள்வியாக எடுத்துக்கொண்டது முழுப் பைத்தியக்காரத்தனம் இல்லை. கேட்ட ஆள்தான் வேறு. கேள்வி அதுவேதான்.

அந்தச் சட்டத்தின் வாசகத்தைப் பிறகு தேடிப் படித்தேன். இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979-ல் தற்காலிகமாக என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டு, 1982-ல் நிரந்தரமாக்கப்பட்டது. பேசிய சொற்களாலோ, வாசிக்கப்பட வேண்டும் என்று எண்ணி எழுதிய சொற்களாலோ, குறிகளாலோ, இன மத வகுப்புப் பிணக்கை உண்டாக்குவதும் உண்டாக்க நினைப்பதும் அதன்படி குற்றம். நாம் பல வருஷமாக, படைப்பாளியின் நோக்கம் விமர்சகனுக்குத் தேவையா இல்லையா என்று பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறோம். பிரதியை மட்டும் பார் என்றோம். இந்தச் சட்டத்துக்கு அந்தக் குழப்பமே இல்லை. அது நோக்கத்தைத்தான் படிக்கிறது. நோக்கம் என்னவென்று தெரியாவிட்டால் எழுதியவரைக் கேட்டு ஒரு வாக்குமூலம் வாங்கிக்கொள்கிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகும். கட்டாயத்தில் கொடுத்தேன் என்றால் அதை நிரூபிப்பது கொடுத்தவர் பாடு. நம்மில் யாரும் ஒரு கட்டுரையை அந்த அளவு உன்னிப்பாகப் படித்ததில்லை.

அச்சிட்டவரை முதலில் பிடித்தார்கள் என்பதும் மனசில் தங்கிவிட்டது. இதில் புதுமை ஒன்றும் இல்லை. 1908-ல் 'இந்தியா' பத்திரிகையின் எழுத்துக்காகப் பிரிட்டிஷ் ஸர்க்கார் வழக்குப் போட்டபோது, எழுதிய பாரதி புதுச்சேரிக்குப் போய்விட்டார். சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் ஐந்து வருஷத் தண்டனை பெற்றார். பாரதியைப் பற்றி நம்மிடம் எத்தனை புஸ்தகம் இருக்கிறது. சீனிவாசனைப் பற்றி ஒரு வரிக்கு மேல் நான் படித்ததில்லை. அன்று அச்சகத்துக் கதவைச் சாத்தியபோது அந்த மனிதர் எதற்குப் பயந்திருப்பார் என்று 2009 வரையில் நான் யோசித்துப் பார்க்கவில்லை. அவருக்கு ட்ரெடில் இருந்தது, நான்கு குழந்தைகள் இருந்தன. எங்கள் கவிதை ஒன்றுகூட அவருக்குப் பிடித்ததில்லை. இருந்தும், தெரியாது என்று சொல்லியிருக்கிறார். வந்தவன் கடன்காரன் என்று அவருக்கும் அப்போது தெரியாது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு பாதியில் நிற்கும். யாழ்ப்பாணத்தில் 'தோழி' என்ற பெண்கள் பத்திரிகையை நடத்திய கவிஞர் செல்வியை 1991 ஆகஸ்டு 30-ஆம் தேதி கொண்டுபோனது அரசாங்கம் இல்லை, விடுதலைப் புலிகள். மறுவருஷம் சர்வதேசப் பென் அமைப்பு அவருக்குப் பரிசு கொடுத்தது. அவர் திரும்பி வரவில்லை. திஸ்ஸநாயகத்துக்காவது ஒரு கோர்ட் இருந்தது, தேதியிட்ட தீர்ப்பு இருந்தது, 2009 மே மாதத்தில் பத்திரிகைச் சுதந்திர நாளையொட்டி அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா பெயரைச் சொன்னார். 2010 ஜனவரியில் ஜாமீனும், அந்த மே மாதத்தில் மன்னிப்பும் கிடைத்தன. ஜசிகரனும் வளர்மதியும் அதற்கு முன்பே, 2009 அக்டோபரில், விடுவிக்கப்பட்டிருந்தார்கள். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு என்பது என்ன வகை என்று கேட்கலாம். ஆனால் அவர்கள் வெளியே வந்தார்கள்.

கணக்கு என்றேன். எங்களுக்குப் பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை, குடவோலைக்கு யார் தகுதி, யார் தகுதியில்லை என்று சொல்கின்றன. நிலமுள்ள, வேதம் தெரிந்த ஒரு கூட்டத்துக்குள் நடந்த தேர்தல்தான் அது. ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடையில் சொல்கிற அளவுக்கு எனக்கு உற்சாகம் இல்லை. ஆனால் அதில் ஒரு விதி எனக்குப் பிடிக்கும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி ஆகான். அவன் உறவினரும் ஆகார். எங்கள் ஊர்க் கோயில் சுவரிலும் வீரராஜேந்திரன் காலத்து நீண்ட சாசனம் ஒன்று இருக்கிறது. மாணவர் விடுதிக்கும், பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர் சாலைக்கும், வைத்தியனுக்கும் மருந்து கொண்டுவருகிறவனுக்கும் எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று ஒன்று விடாமல் வெட்டியிருக்கிறது. பொதுக் காரியம் பார்த்தவன் கணக்குக் காட்ட வேண்டும், அது எல்லோரும் பார்க்கிற சுவரில் இருக்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்துக் கல்லில் இருக்கிற எண்ணம்.

இப்போது நடப்பது தலைகீழ். அரசாங்கத்திடம் கணக்குக் கேட்கிறவனிடம், உனக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்று அரசாங்கம் கேட்கிறது. பிலிப்பைன்ஸில் மரியா ரெஸ்ஸாவின் பேரிலும் அவர் பத்திரிகையின் பேரிலும் வரி ஏய்ப்பு வழக்குகள் போட்டார்கள்; 2021-ல் நோபல் பரிசு வாங்கியவர், 2023-ல்தான் அந்த வழக்குகளிலிருந்து விடுபட்டார். டில்லியில் நியூஸ்கிளிக் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தாவை 2023 அக்டோபர் 3-ஆம் தேதி கைது செய்தபோது சொன்னதும் வெளிநாட்டுப் பணம்தான். எதற்காகக் கைது என்று எழுத்தில் கொடுக்கவில்லை, ஆகவே கைதே செல்லாது என்று 2024 மே 15-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அவரை விடுவித்தது. இதே மனிதர் 1975-ல், மாணவராக இருந்தபோது, மிசாவில் உள்ளே இருந்தவர். நான் நோட்டை எரித்த இரவில் அவர் சிறையில் இருந்தார். அயல்நாட்டைப் பற்றி எழுதப் போய் இங்கே வந்து நிற்கிறேன். இந்தத் தடவை இந்தியா என்ற சொல் ஞாபகம் வராமல் இல்லை.

நோட்டில் கடைசிப் பக்கத்தில் இலவசப் பிரதிகளின் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஒன்று. ஏழு இதழும் அனுப்பினோம். அடுக்கில் வைத்தார்களா, கட்டைப் பிரித்தார்களா என்று தெரியாது. 1981-ல் ஒரு நாள் இரவு அந்த நூலகம் எரிந்தது. அதே நாட்களில் 'ஈழநாடு' அலுவலகமும் எரிந்தது. அங்கே எரித்தவர்கள் போலீஸ்காரர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே எரித்தது நான் என்பது இப்போது உங்களுக்கும் தெரியும்.

112 பேரைக் காப்பாற்ற எரித்தேன் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவந்ததை இனி சொல்ல மாட்டேன். அவர்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நோட்டை வைக்கோல்போரில் செருகியிருக்கலாம். அவர்களோடு எனக்குச் சம்பந்தமில்லை என்று ஆக்கிக்கொள்ளத்தான் எரித்தேன். ஜசிகரனைத் தேடிக்கொண்டு திஸ்ஸநாயகம் அந்த அலுவலகத்துக்குள் நடந்து போனார் என்று படித்தபோது இது எனக்கு விளங்கியது. சம்பந்தமில்லை என்று அவரும் சொல்லியிருக்கலாம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பொங்கல் சமயம், பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் பழையசீவரத்துக்கு வந்திருந்தபோது, கூட்டத்தில் ஒரு வயோதிகர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வாலாஜாபாத் பக்கத்துக்காரர், நோட்டில் முதல் பக்கத்தில் இருந்தவர். முகம் ஞாபகமில்லை, பெயரைச் சொன்னதும் என் கையெழுத்தில் அது கண்ணுக்குத் தெரிந்தது. "சார், ஏழு வந்தது. அஞ்சு பாக்கி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன்.

12 இதழுக்கு வாங்கி ஏழு கொடுத்தோம். ஆளுக்கு இரண்டரை ரூபாய் பாக்கி. 112 பேருக்கு 280 ரூபாய். காகிதக் கடை பாக்கி 38 ரூபாயை 1978-ல் கொடுத்துவிட்டேன். இதுவரை ஞாபகத்திலிருந்து எழுதியதில் 47 பெயர்கள் வந்திருக்கின்றன. இதைப் படிப்பவர்களில் யாராவது அந்தச் சந்தாதாரர்களில் ஒருவராக இருந்தால், ஒரு கார்டு போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.